ஒரு கொக்கி மட்டும் காலி

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட. கதவுக்கு முதுகு காட்டி யாரும் உட்கார வேண்டாம். கதை நடுவில் எங்கேயாவது மணிச்சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். மாடு போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மாடாகத்தான் இருக்கும்.

முன்னொரு காலத்தில், நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் முந்தி, கிளுவம்பட்டி என்று ஓர் ஊர். சுற்றிலும் மேய்ச்சல் காடு. காட்டுக்குக் காடு கிளுவை முள்ளை வரிசையாக நட்டு வேலி போட்டிருப்பார்கள். அந்த நாட்டில் ஆறு கிடையாது. பொன் கிடையாது. கோட்டை கொத்தளம் கிடையாது. மாடு மட்டும் உண்டு.

மாட்டுக்கு அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒரு மாடு முதல் கன்று போட்டதும் அந்த வீட்டு அம்மா தன் கையால் அதன் கழுத்தில் ஒரு வெண்கல மணி கட்டுவாள். கட்டினால் கட்டினதுதான். மாட்டை விற்றால்கூட, வாங்கின வீட்டு அம்மா வந்து புது மணியைக் கட்டின பிறகுதான் பழைய மணியை அவிழ்ப்பார்கள். செத்தால் மணியோடு புதைப்பார்கள். ஒரு மூச்சு நேரம்கூடக் கழுத்து வெறுமனே இருக்கக் கூடாது. 'மணி இல்லாத கழுத்துக்கு வீடு தெரியாது' என்பது அவர்கள் சொல்.

இன்னொரு வழக்கமும் உண்டு. காலையில் மேய்ச்சலுக்குப் போகும்போது ஆள் முன்னால் நடப்பான், மாடு பின்னால் வரும். சாயங்காலம் வீடு திரும்பும்போது மாடு முன்னால் நடக்கும், ஆள் பின்னால் வருவான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த ஊரில் பெரியதனக்காரன் மாசையன். பெரிய காடு, பெரிய வீடு, பெரிய மீசை. எல்லாவற்றையும்விடப் பெரிசு அவனுடைய காது. மூன்று காட்டுக்கு அப்பால் ஒரு மணி அசைந்தால், "இது செவலை மாட்டு மணி, ஈயம் கொஞ்சம் தூக்கல்" என்பான். காது நல்ல காதுதான். காதுக்குப் பின்னால் இருந்த மனசுதான் ஆகாத மனசு. நல்ல சத்தம் கேட்டால் அது தன் வீட்டில்தான் கேட்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

முதலில் கேட்டு வாங்கினான். கேட்டுத் தராதவரிடம், பஞ்சம் வந்தபோது கம்புத் தானியத்தைக் கொடுத்து மணியை வாங்கினான். பஞ்சத்திலும் தராதவரிடம் ஆளை விட்டு அவிழ்த்துவரச் சொன்னான்.

வாங்கின மணிகளை எல்லாம் வீட்டுக் கூடத்து உத்தரத்தில் இரும்புக் கொக்கி அடித்து வரிசையாகத் தொங்கவிட்டான். ஒவ்வொரு மணிக்கும் நாக்கை அறுத்து எறிந்தான். தான் தட்டினால்தான் அது பேச வேண்டும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும் என்று அவன் எண்ணம். ஒரு மாட்டுக்கொம்புக் குச்சி வைத்துக்கொண்டு, கட்டிலில் மல்லாந்து படுத்து, ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் கேட்பான்.

மணி போன மாடுகள் என்ன ஆயின? சாயங்காலம் மந்தையோடு வரும். தன் வீட்டு வேலிக் கதவான படலைத் தாண்டும். வீட்டு அம்மா பேர் சொல்லிக் கூப்பிடுவாள். திரும்பாது. நடக்கும். ஊரைத் தாண்டி, காட்டைத் தாண்டி, நடந்துகொண்டே போகும். அப்புறம் அதை யாரும் பார்த்ததில்லை.

மாசையனுக்கு வயசாயிற்று. கடைசிக் காலத்தில் ஒரு விசித்திரம். தன் வீட்டுக் கூடத்தில், தன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, சோறு போட வருகிறவளிடம் கேட்பான்:

"ஏம்மா, நான் எப்ப வீட்டுக்குப் போறது?"

"இதுதானுங்க உங்க வீடு."

"வெளையாடாதே. சோறு, கொழம்பு எல்லாம் நல்லாத்தான் இருக்குது, கொறை சொல்லலே. ஆனா பொழுது போச்சு. எங்க வீட்ல தேடுவாங்க."

தினம் இதே கேள்வி. ஒரு நாள் எழுந்து வெளியே போனான். திரும்பவில்லை. தேடிப் போனார்கள். ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டு வேலிக்கு வெளியே, தன் வீட்டுப் படலைப் பிடித்தபடி, உட்கார்ந்த வாக்கில் உயிர் போயிருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தது.

பிள்ளை இல்லாதவன். அதனால் வீடும் காடும் தங்கை மகன் நஞ்சப்பனுக்கு வந்தன. ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்: "வீட்டை எடுக்கறவன் மணியையும் எடுக்கோணும். நல்லதும் கெட்டதும் ஒரே கூடை."

நஞ்சப்பன் குணத்தில் பசு. அவன் பெண்டாட்டி மயிலாத்தாள் பேச்சில் கத்தி. அவர்களுக்கு ஒரே மகள், பவளா, அப்போதுதான் முன்பல் விழுந்த பிள்ளை. வீட்டோடு ஒரு நாய். மயிலாத்தாளுக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த ஒரு மாடு, பேர் காரி. இவ்வளவுதான் அவர்கள் குடும்பம்.

காரியின் மணிக்கு ஒரு பழைய கதை உண்டு. கல்யாணத்தன்றைக்கு அந்த மணிச்சத்தத்தைக் கேட்டு மாசையன் எழுந்து வந்துவிட்டான். "ஆத்தா, இந்த மணியை எனக்குக் குடுத்துரு. இதுக்குன்னே ஒரு கொக்கி அடிச்சு வெச்சிருவேன்" என்றான். மணக்கோலத்தில் இருந்த மயிலாத்தாள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மணியை வாங்கிக்குங்க மாமா. மாட்டையும் வாங்கிக்குங்க. என்னையும் வாங்கிக்குங்க. மூணு பேருக்கும் மூணு வேளையும் நீங்களே தீனி போடோணும்" என்றாள். பந்தல் முழுக்கச் சிரித்தது. மாசையனும் சிரித்தான். ஆனால் வீட்டுக்குப் போய்க் கொக்கியை அடித்துவிட்டான்.

அந்தக் கொக்கி உத்தரத்தின் நட்டநடுவில், காலியாக, இத்தனை வருசமும் தொங்கிக்கொண்டிருந்தது.

குடி வந்த முதல் நாள், உச்சி வேளை. காற்றே இல்லை. வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. கூடத்தில் ஒரு மணி அடித்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எல்லாம்.

நாக்கில்லாத மணி அடிக்குமா? அடித்தது.

மயிலாத்தாள் அண்ணாந்து பார்த்தாள். மணிகள் அசையவில்லை. அசையாமலே அடித்தன. அந்தக் காலிக் கொக்கி ஒன்றுதான் இப்படியும் அப்படியும் ஊசலாடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க" என்று வாசலில் இருந்து கூப்பிட்டாள். நஞ்சப்பன் வந்து பார்த்தான்.

வேலியோரம் மாடுகள் நின்றன. வேலி நீளத்துக்கும் நின்றன. செவலை, மயிலை, கறுப்பு, வெள்ளை என்று எல்லா நிறத்திலும் நின்றன. மேயவில்லை. அசை போடவில்லை. வாலைக்கூட ஆட்டவில்லை. எல்லாம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் மயிர் தேய்ந்து ஒரு வளையம். உச்சி வேளையில் எல்லோருக்கும் நிழல் காலடியில் ஒரு வட்டமாகக் கிடக்கும் அல்லவா? அவற்றின் காலடியில் வெறும் மண்தான் கிடந்தது.

வெயில் சாய்ந்ததும் மணி நின்றது. மாடுகளைக் காணவில்லை. மண்ணில் ஒரு குளம்படி கிடையாது.

அந்த வாரம் நாய் வெளியே போயிற்று. சாயங்காலம் திரும்பி வந்தது, படல் வரைக்கும் வந்தது, மோந்து பார்த்தது, அந்நிய வீட்டைப் பார்த்துக் குரைப்பதுபோல் குரைத்துவிட்டுப் போய்விட்டது.

"இந்த மணி நமக்கு ஆகாது. தொலைச்சுப் போடலாம்" என்றான் நஞ்சப்பன்.

முதலில் எல்லா மணிகளையும் வண்டியில் ஏற்றிப் பக்கத்து ஊர்ப் பங்காளி வெள்ளையனுக்குக் கொடுத்தான். வெள்ளையன் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டான். ஒரு நாள்தான். மறுநாள் பொழுதுக்குள் அதே வண்டியில் மணிகளோடு வந்து நின்றான்.

"என்ன வெள்ளையண்ணா, அதுக்குள்ள சலிச்சுப் போச்சா?" என்றாள் மயிலாத்தாள்.

"என் பட்டி மாடு பூராவும் என் வீட்டைத் தாண்டி நேராப் போகுது ஆத்தா. ஓடி மறிச்சுத் திருப்பறதுக்குள்ள உசுரு போச்சு. எனக்கே நேத்துத் தெருவுல நின்னு ரெண்டு வீட்டைப் பாத்து யோசனை வந்துருச்சு. ஒரு வீட்ல என் பொண்டாட்டி நின்னா, அதனால தப்பிச்சேன்" என்று சொல்லி, மணிகளை இறக்கிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான்.

அடுத்தது, நஞ்சப்பன் அவற்றைக் கோணியில் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் போட்டான். மூன்று உச்சி வேளை கிணற்றுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. நாலாம் நாள் காலையில் பவளா விளையாடிவிட்டு வந்தாள். படலுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை. மயிலாத்தாளைப் பார்த்து, ஓட்டைப் பல் தெரியச் சிரித்துக் கேட்டாள்:

"அக்கா, எங்க வீடு எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மயிலாத்தாள் கையில் இருந்த முறம் கீழே விழுந்தது. குழந்தையைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தாள். குழந்தை அடம்பிடிக்கவில்லை. விருந்துக்கு வந்த வீட்டில் உட்காருவதுபோல ஓரமாக, மரியாதையாக உட்கார்ந்துகொண்டது. அதுதான் மயிலாத்தாளுக்குத் தாங்கவில்லை.

கிணற்றிலிருந்து மணிகளை எடுத்தார்கள். கடைசியாக நஞ்சப்பன் ஒரு மணியை, வெண்கலம் வார்க்கிற கன்னாரிடம் கொண்டுபோய், "உருக்கிப் போடுங்க. குடமோ தட்டோ, என்ன வேணும்னாலும் பண்ணுங்க" என்றான். கன்னார் உருக்குகிற மண் மூசையில் மணியை வைத்துத் துருத்தி ஊதினார். நெருப்பு சிவந்தது, வெளுத்தது. மணி உருகவில்லை. மூசைக்குள்ளிருந்து, பால் மறந்த கன்று தாயைத் தேடிக் கத்துமே, அந்தச் சத்தம் வந்தது. கன்னார் துருத்தியை விட்டு எழுந்துவிட்டார். "இதை எடுத்துக்கிட்டுப் போங்க. இனி இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். மணியைத் தொட்டால் பச்சைத் தண்ணீர்போல் குளிர்ந்திருந்தது.

அன்றைக்கு நஞ்சப்பன் வீடு வந்து சேரவில்லை. மயிலாத்தாள் தேடிப் போனாள். தன் காட்டுக்குள்ளேயே, நான்கு வேலிக்கு நடுவே, சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். வழியெல்லாம், "உங்களுக்கு எதுக்குங்க சிரமம், வழியைச் சொன்னாப் போதும், நானே போயிக்குவேன்" என்று பெண்டாட்டிக்கே மரியாதை சொல்லிக்கொண்டு வந்தான்.

நாய் போயிற்று. மகள் போனாள். புருசன் போனான். மயிலாத்தாளுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்பீர்கள். அவள் ஏற்கெனவே ஒரு தடவை வீட்டை விட்டு வந்தவள். தெரியாத வீட்டுக்குள் காலை வைத்து, எது அடுப்பு, எது கதவு என்று ஒவ்வொன்றாகப் பழகினவள். அப்படிப் பழகின வழி லேசில் மறக்காது. ஆனாலும் அவளுக்கும் ஒரு நாள் காலையில் உப்புச் சட்டி எங்கே என்று தெரியவில்லை. 'சரி, எனக்கும் ஆரம்பிச்சாச்சு' என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் உச்சி வேளைக்குச் சற்று முன்னால், மாட்டுக்கொட்டகையில் அரவம் கேட்டது. போய்ப் பார்த்தாள். நஞ்சப்பன் காரியின் கழுத்துக் கயிற்றில் கை வைத்திருந்தான். முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"அந்தக் கொக்கி கேக்குதுங்க. அது ஒண்ணுதான் கொறையாமா. அதை மாட்டிட்டா எல்லாம் அமைதியாயிருமாமா."

"யாரு சொன்னது?"

நஞ்சப்பன் யோசித்தான். யார் சொன்னது என்று அவனுக்குத் தெரியவில்லை. கூடத்துக்குள் அந்தக் கொக்கி கிறீச் கிறீச் என்று ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மயிலாத்தாள் அவன் கையைப் பிடித்து மெதுவாக எடுத்தாள். முடிச்சை இறுக்கிக் கட்டினாள். "இந்த வீட்ல வீடு தெரிஞ்ச சீவன் இனி இவ ஒருத்திதான். இவ கழுத்தையும் வெறுமனே உட்டா, நாளைக்கு நம்ம மூணு பேரும் மூணு திக்குல நின்னு ஊரு பேரு கேட்டுக்கிட்டு இருப்போம்" என்றாள்.

அவனைக் கூட்டிவந்து மகள் பக்கத்தில் உட்கார வைத்தாள். வாசலுக்கு வந்தாள். மணிகள் அடிக்க ஆரம்பித்தன. மாடுகள் வந்து நின்றன. இன்றைக்கு அவள் உள்ளே ஓடவில்லை. நின்று ஒவ்வொரு மாடாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று பிடிபட்டது.

வீட்டுக்காரர் மணியைப் பங்காளி வீட்டுக்குக் கொண்டுபோனார். கிணற்றுக்குக் கொண்டுபோனார். கன்னாரிடம் கொண்டுபோனார். மூன்று தடவையும் ஆள் முன்னால் போனது, மணி பின்னால் போனது. அது மேய்ச்சலுக்குப் போகிற நடை. இந்த மாடுகள் மேய்ச்சலுக்கா நிற்கின்றன? வீட்டுக்குப் போக அல்லவா நிற்கின்றன? வீட்டுக்குப் போகும்போது யார் முன்னால் போக வேண்டும்?

உள்ளே போனாள். கைக்கு வந்த மணி ஒன்றை எடுத்தாள். நீளமான ஒரு தொரட்டிக் கோலின் நுனியில் கட்டி, தனக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். காரியை அவிழ்த்துத் தனக்குப் பின்னால் வரவிட்டாள். படலைச் சாத்தி, "நான் வர்ற வரைக்கும் வேலியைத் தாண்டாதீங்க" என்று புருசனிடம் சொன்னாள்.

"யாரு வீட்டு வேலிங்க?" என்றான் அவன்.

"தெரிஞ்சவங்க வீட்டு வேலிதான். இருங்க" என்றாள்.

முச்சந்திக்கு வந்தாள். கிழக்கே கோலை நீட்டினாள். மணி பேசவில்லை. மேற்கே நீட்டினாள். பேசவில்லை. வடக்கே நீட்டினாள். நாக்கில்லாத மணி மெல்ல, தூக்கத்தில் பேசுகிற குழந்தைபோல, ஒரு தடவை அடித்தது. வேலியோரம் நின்ற ஒரு செவலை மட்டும் பிரிந்து வந்து, கோலுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தது.

மணி அடித்த வழியில் போனாள். அடிக்காத வழியை விட்டாள். சாயங்காலம் ஒரு வீட்டு வாசலில் மணி விடாமல் அடித்தது. வீட்டுக்காரி வெளியே வந்தாள். மாடு அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. மணியைத்தான் பார்த்தாள்.

"இது எங்க செவலை மணி. இது எப்படி உங்க கையில?"

"மாசையன் வீட்டு மருமக நான். கட்டி விடுங்க. உங்க கையாலதான் கட்டோணும்."

"எதுல கட்டறது?"

"இங்க" என்று மயிலாத்தாள் வெறும் காற்றைக் காட்டினாள். அந்த அம்மா தன் கையால் வெறும் காற்றில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். மணி கீழே விழவில்லை. கழுத்து உயரத்தில் நின்றது. அசைந்தது. கொட்டகையைப் பார்த்து நடந்தது. வாசலைத் தாண்டும்போது மண்ணில் ஒரு மாட்டின் நிழல் விழுந்ததை இரண்டு பேருமே பார்த்தார்கள். கொட்டகைக்குள் ஒரு பெருமூச்சு. அப்புறம் மணி வைக்கோலில் விழுந்த சத்தம்.

திரும்பும்போது மயிலாத்தாளுக்கு வழி மறந்துவிட்டது. தன் பேரே நுனி நாக்கில் நின்று வர மறுத்தது. அவள் கவலைப்படவில்லை. காரியைத் தட்டி முன்னால் விட்டாள். காரி மணியை ஆட்டிக்கொண்டு தன் பாட்டுக்கு நடந்தது. இவள் பின்னால் நடந்தாள். வீடு வந்தது. படலருகே நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

இப்படி ஒரு நாளைக்கு ஒரு மணி. எல்லா வீட்டிலும் ஆரத்தி எடுத்து வரவேற்றார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு வீட்டில் ஒருத்தி மணியைப் பார்த்ததும் சாணிக் கையோடு எழுந்து வந்தாள்.

"இந்த மாடு காணாமப் போன வருசம் என் கைப்பிள்ளைக்குப் பால் கெடையாது. என் பிள்ளையைக் கம்மஞ்சோத்துத் தண்ணியை ஊத்திக் காப்பாத்துனேன். அப்பல்லாம் எங்கடி போனே, இப்ப மணியாட்டிக்கிட்டு வந்துட்டே?"

"மணியைக் கட்டிப்போட்டுத் திட்டுங்க அக்கா. நீங்க திட்டி முடிக்கற வரைக்கும் நான் இங்கியேதான் நிப்பேன், ஓட மாட்டேன்" என்றாள் மயிலாத்தாள்.

அவள் முறைத்துக்கொண்டே கட்டினாள். கட்டின கை அங்கேயே நின்றுவிட்டது. எதையோ தடவினாள். எதன்மேலோ கன்னத்தை வைத்துக்கொண்டாள். அப்புறம் திட்ட மறந்துபோனாள்.

இன்னொரு மணி அவளை ஆளே இல்லாத இடத்துக்குக் கூட்டிப்போயிற்று. இடிந்த சுவர், எருக்கஞ்செடி, ஒரு கல் தண்ணித் தொட்டி. அவ்வளவுதான் மிச்சம். கட்டுவதற்கு வீட்டு அம்மா இல்லை. மயிலாத்தாள் எருக்கைப் பிடுங்கினாள். தரையைக் கூட்டினாள். தொட்டியில் தண்ணீர் நிரப்பினாள். "இன்னிக்கு ஒரு நாளைக்கு இந்த வீட்டுக்கு நானே அம்மா" என்று சொல்லித் தன் கையாலேயே கட்டினாள். தொட்டித் தண்ணீர் யாரோ குடிப்பதுபோலக் குறைந்தது.

மணிகள் குறையக் குறைய, வேலியோரம் மாடுகள் குறைந்தன. நஞ்சப்பன் ஒரு நாள், "மயிலா, உப்புச் சட்டி இங்கதான இருந்துச்சு?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அவள் மூலையில் போய் நின்று அழுதாள். பவளா மட்டும் இன்னும் அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரே ஒரு மணி மிச்சம். சின்ன மணி. புகை ஏறிக் கறுத்தது. மாசையன் கட்டிலுக்கு நேர் மேலே தொங்கினது. மயிலாத்தாள் அதைக் கோலில் கட்டி முச்சந்திக்குப் போனாள். கிழக்கே பேசவில்லை. மேற்கே பேசவில்லை. வடக்கேயும் பேசவில்லை. அலுத்துப்போய்த் திரும்பினாள். கோல் வீட்டுப் பக்கம் திரும்பினதும் மணி அடித்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. மாசையன் ஊரார் மணியைத் தொடுவதற்கு முந்தி, ஆசைக்கு முதல் முதலாக அவிழ்த்தது, தன் வீட்டு மாட்டின் மணியை. அவனைப் பெற்றவள் தன் கையால் கட்டின மணியை.

வீட்டை நோக்கி நடந்தாள். உச்சி வேளை. வேலியோரம் மாடுகள் இல்லை. ஒன்றே ஒன்று நின்றது. அது மாடும் இல்லை.

படலைப் பிடித்தபடி மாசையன் நின்றுகொண்டிருந்தான். அதே மீசை. அதே வேட்டி. காலடியில் நிழல் இல்லை. கழுத்தைச் சுற்றித் தோல் தேய்ந்து ஒரு வளையம்.

"ஆத்தா," என்றான், "இங்க மாசையன் வீடு எதுன்னு தெரியுமா? பொழுது போச்சு. எங்க வீட்ல தேடுவாங்க."

தலைக்கு மேலே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. படலுக்கு அந்தப் பக்கம், முற்றத்தில், பவளா தனியாக உட்கார்ந்து கல் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் அவனைப் பார்த்து, "எனக்கும் தெரியாதுங்க தாத்தா. நானும் வீட்டுக்குத்தான் போகோணும்" என்றாள்.

ஓட வேண்டும் என்றுதான் மயிலாத்தாளுக்குக் கால் சொன்னது. ஓடவில்லை. கோலிலிருந்து மணியை அவிழ்த்தாள். கிட்டப் போனாள். பனிக்காலத்துப் பாறைபோல அவனிடமிருந்து குளிர் வந்தது.

"குனிங்க மாமா" என்றாள்.

பெரியதனக்காரன் மாசையன், யாருக்கும் குனியாதவன், மாடு குனிவதுபோலக் கழுத்தைக் குனிந்தான். அந்த வீட்டு அம்மா இப்போது அவள்தானே? தன் கையால் கட்டினாள். படலைத் திறந்தாள்.

"முன்னால நடங்க. நான் பின்னால வர்றேன்."

நடந்தான். முற்றத்தில் கால் வைத்ததும் அவன் காலடியில் நிழல் வந்து விழுந்தது. கூடத்துக்குள் போனான். கட்டில் கிடந்த இடத்தில் உட்கார்ந்தான். சுற்றிலும் பார்த்தான். "அட, வந்தாச்சு" என்றான். மணி தரையில் விழுந்தது. கூடத்தில் யாரும் இல்லை.

முற்றத்தில் இருந்து பவளாவின் குரல் வந்தது. "அம்மா, பசிக்குதும்மா. எத்தனை நேரமாக் கூப்பிடறேன்."

மயிலாத்தாள் அந்த மணியை மாட்டுக்கொட்டகை ஓரம் குழி தோண்டிப் புதைத்தாள். பிள்ளைக்குச் சோறு போட்டாள்.

இதுதான் கதை. வேண்டாத சொத்து கைக்கு வந்தால், அதைத் தொலைக்க இடம் தேடாதே; அது போய்ச் சேர வேண்டிய இடத்தைத் தேடு என்பது இதன் நீதி.

எழுந்துவிடாதீர்கள். இன்னும் ஒன்று பாக்கி. அந்தக் காலிக் கொக்கி.

மற்றக் கொக்கிகள் எல்லாம் பிடுங்கினால் வந்துவிட்டன. அது வரவில்லை. நஞ்சப்பன் கடப்பாரை போட்டு நெம்பினான், உத்தரம் முனகியதே தவிரக் கொக்கி அசையவில்லை. சாயங்காலம் காற்றில்லாதபோது அது மறுபடி கிறீச் என்று ஒரு தடவை ஆடிற்று. நஞ்சப்பன் முகம் வெளுத்துப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

மயிலாத்தாள் காரியிடம் போய்ப் பால் கறந்து வந்தாள். பாலைக் காய்ச்சி உறை ஊற்றினாள். ஓர் உறியைப் பின்னி, அந்தக் கொக்கியிலேயே மாட்டி, தயிர்ப் பானையை அதில் தூக்கி வைத்தாள்.